பெயரை விட்டு ஊரைப் பிடியுங்கள்

அமெரிக்காவில் சம்பந்தம் செய்த குடும்பங்கள் இப்போது நம் தெருவுக்கு இரண்டாவது இருக்கின்றன. அங்கே படிக்கும் பேரனுக்கோ பேத்திக்கோ பள்ளியில் வம்சாவளி எழுதிவரச் சொல்கிறார்கள். அப்பா வழியை இங்கிருந்து தாத்தா பாட்டி போனிலேயே சொல்லிவிடுகிறார்கள். அம்மா வழி கென்டக்கியிலோ ஒஹாயோவிலோ ஒரு கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிடுகிறது. இணையத்தில் அவர் பெயரைப் போட்டால் அதே பெயரில் நூறு பேர் வந்து நிற்கிறார்கள். இதில் நம்மவர் யார்? டீயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற அமரச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

அமெரிக்காவில் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது, பெயரைத் துரத்துவதை நிறுத்திவிட்டு இடத்தைப் பிடிப்பதை. அந்த இடத்தின் பெயர் கவுண்டி. மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு அது. நாடு முழுக்க 3,100க்கும் மேல் இருக்கின்றன. டெக்சாஸில் மட்டும் 254, கென்டக்கியில் 120, டெலவேரில் வெறும் மூன்று. லூசியானாவில் இதைப் பாரிஷ் என்பார்கள். மாசசூசெட்ஸ், கனெக்டிகட் போன்ற நியூ இங்கிலாந்து மாநிலங்களில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளை அந்தந்த ஊர்களே வைத்துக்கொண்டன. மற்ற பெரும்பாலான மாநிலங்களில் கல்யாணம், நிலம், உயில், வரி, வழக்கு எல்லாம் கவுண்டித் தலைநகரில் உள்ள கோர்ட்டுக் கட்டடத்தில்தான் பதிவாயின. பிறப்பையும் இறப்பையும் மாநில அரசு முறையாகப் பதியத் தொடங்கியது வெகு பிந்தி, கென்டக்கியில் 1911இல்தான். அதற்கு முன் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டு மாநிலத் தலைநகருக்கு எழுதினால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள்.

சரியான கவுண்டி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆபிரகாம் லிங்கன் குடும்பமே சாட்சி. அவருடைய பெற்றோர் தாமஸ் லிங்கனும் நான்சி ஹாங்ஸும் கென்டக்கியில் ஹார்டின் கவுண்டியில் குடும்பம் நடத்தியவர்கள். அதனால் அவர்களுடைய திருமணப் பதிவையும் அங்கேயே தேடினார்கள், கிடைக்கவில்லை. முறையான கல்யாணமே நடக்கவில்லை என்று அரசியல் எதிரிகள் வதந்தி கிளப்ப இது போதுமானதாக இருந்தது. உண்மையில் பதிவு வாஷிங்டன் கவுண்டியில் பத்திரமாக இருந்தது. மணமகள் உறவினர் வீட்டில் தங்கியிருந்தது அந்தக் கவுண்டியில். அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கான ஜாமீன் பத்திரத்தை மணமகளின் கவுண்டியில் எழுதிக் கொடுப்பதே வழக்கம். 1806 ஜூன் 12 அன்று ஜெஸ்ஸி ஹெட் என்ற போதகர் நடத்திவைத்த அந்தத் திருமணத்தின் காகிதங்கள் 1870களின் பிற்பகுதியில்தான் வெளிச்சத்துக்கு வந்தன. லிங்கன் இறந்து அதற்குள் பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு ஜனாதிபதிக்கே இந்தக் கதி என்றால், நம் சம்பந்தி வீட்டுக் கொள்ளுத்தாத்தா எம்மாத்திரம்? பதிவு கிடைக்கவில்லை என்றால் பதிவே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். பெண் வீட்டார் இருந்த பக்கத்துக் கவுண்டியையும் பாருங்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. மனிதர் நகராமல் இருந்தாலும் கவுண்டி நகர்ந்துவிடும். டேனியல் பூன் என்ற முன்னோடிக் குடியேற்றக்காரர் 1775இல் கென்டக்கி ஆற்றின் தென்கரையில் பூன்ஸ்பரோ கோட்டையை அமைத்தபோது அந்த இடம் வர்ஜீனியாவின் ஃபின்காஸ்டில் கவுண்டியில் இருந்தது. அடுத்த ஆண்டின் முடிவில் அது கென்டக்கி கவுண்டி ஆயிற்று. 1780இல் கென்டக்கி கவுண்டியை மூன்றாக வெட்டியபோது லிங்கன் கவுண்டிக்குள் வந்தது. 1780களின் நடுவில் மாடிசன் கவுண்டி உருவாகி அதற்குள் போயிற்று. 1792இல் மாநிலமே மாறி, வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கி தனியாகப் பிரிந்தது. கோட்டையில் ஒரே குடிசையில் இருபது வருஷம் வாழ்ந்த ஒருவரின் காகிதங்கள் நான்கு கவுண்டிகளின் பெயரில் கிடக்கும்.

புதுக் கவுண்டி பிறந்தால் பழைய பதிவேடுகள் அதன் பின்னாலேயே வருவதில்லை. தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும் என்பதுதான் பொது விதி. ஃபின்காஸ்டில் கலைந்துபோன பிறகு அதன் ஏடுகள் வர்ஜீனியாவின் மாண்ட்கோமரி கவுண்டிக்குப் போய்ச் சேர்ந்தன. ஆகவே, இன்றைய வரைபடத்தைப் பார்த்துத் தேடக் கூடாது. சம்பவம் நடந்த ஆண்டின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். சிகாகோவின் நியூபெரி நூலகம் எல்லா மாநிலங்களுக்கும் கவுண்டி எல்லைகளைத் தேதிவாரியாக வரைந்து இலவசமாகக் கொடுத்திருக்கிறது. தேடலில் முதல் அரைமணி நேரத்தை அங்கே செலவழித்தால் பின்னால் மாதக் கணக்கில் மிச்சம்.

சரி, எந்த ஆண்டில் எந்தக் கவுண்டி என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்துவருகிறார்கள். எடுத்து 72 ஆண்டுகள் கழித்துத்தான் பெயர்களோடு திறந்துவிடுவார்கள். 1950ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரலில் வந்தது. இன்றைய தாத்தா பாட்டிகள் அதில் குழந்தைகளாக இருப்பார்கள். அங்கிருந்து தொடங்கிப் பத்துப் பத்து ஆண்டாகப் பின்னால் போக வேண்டும். ஒரு படியையும் தாண்டிக் குதிக்கக் கூடாது. 1890 மட்டும் விதிவிலக்கு. 1921இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் பாழாகி அது அநேகமாக முழுதும் போய்விட்டது. 1880க்கு முந்தைய கணக்குகளில் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று எழுதவில்லை. வீட்டில் இருக்கும் பெண் இரண்டாம் தாரமாகவோ அண்ணியாகவோ இருக்கலாம். 1850க்கு முன்னால் தலைவர் பெயர் மட்டுமே உண்டு. மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. கணக்கெடுப்பு இங்கே வழிகாட்டிப் பலகையாக நிற்கிறது. அதன் பிறகு கவுண்டி ஏடுகளுக்குள் இறங்க வேண்டியதுதான்.

இறங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கவுண்டி எழுத்தர் யாருடைய பேரனுக்காகவும் வம்சாவளி எழுதி வைக்கவில்லை. சொத்து கை மாறியது, வரி வர வேண்டியிருந்தது, ஒருவர் ஜாமீன் நின்றார், அதனால் எழுதினார். எங்கே பணம் நகர்ந்ததோ அங்கே உறவு பதிவாகியிருக்கும்.

நிலப் பத்திரங்களை எடுத்துக்கொள்வோம். நம் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல அங்கே இரண்டு அட்டவணைகள் உண்டு: விற்றவர் பெயர் வரிசையில் ஒன்று, வாங்கியவர் பெயர் வரிசையில் மற்றொன்று. இரண்டையும் பார்க்க வேண்டும். உயில் எழுதாமல் ஒருவர் இறந்து, அவருடைய நிலத்தைப் பிள்ளைகள் சேர்ந்து விற்றால், அந்த ஒரே பத்திரத்தில் மகன்கள், மகள்கள், மருமகன்கள், வெளி மாநிலத்துக்குப் போனவர்கள் என்று எல்லாரும் வரிசையாக இருப்பார்கள். தேடுபவருக்கு இது புதையல். கணவர் நிலம் விற்கும்போது மனைவியைத் தனியே விசாரித்து, தன் பங்குரிமையை விருப்பத்தோடு விட்டுக்கொடுக்கிறாரா என்று கேட்டு எழுதுவார்கள். வேறெங்கும் கிடைக்காத ஒரு மனைவியின் பெயர் அங்கே கிடைத்துவிடும். மகனுக்கு அன்பின் பேரில் நிலம் கொடுத்ததாக எழுதியிருந்தால் தந்தை யார் என்ற கேள்வியும் தீர்ந்தது.

அடுத்தது இறந்தவரின் சொத்துக் காகிதங்கள். உயில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கவலை இல்லை. நிர்வகிக்க யாரை நியமித்தார்கள், யார் ஜாமீன் கொடுத்தார்கள், மைனர் பிள்ளைகளுக்கு யார் கார்டியன், வீட்டுச் சாமான் பட்டியல், ஏலத்தில் எதை யார் வாங்கினார்கள் என்பதெல்லாம் இருக்கும். ஏலத்தில் முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்களும் பக்கத்துக் காட்டுக்காரர்களும்தான். எல்லாப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறைச் சம்பந்தங்கள் அந்தப் பட்டியலில் இருந்தே வரும்.

வரிப் பட்டியலை யாரும் மதிப்பதில்லை. ஆனால் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை. வரியோ வருஷா வருஷம். கென்டக்கியின் 1790, 1800 கணக்கெடுப்புகள் இன்று இல்லை. அந்த இடத்தை நிரப்ப ஆய்வாளர்கள் நம்பியது வரிப் பட்டியல்களைத்தான். மகன் 21 வயதை எட்டியதும் பட்டியலில் முளைப்பான். தந்தை இறந்ததும் அவர் இடத்தில் விதவையின் பெயர் வரும். நிலம் எந்த ஓடைக்கரையில் என்றுகூட எழுதியிருப்பார்கள். ஒரே பெயர்க்காரர்கள் இரண்டு பேரை ஓடையை வைத்துப் பிரித்துவிடலாம். பெயரின் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். லிங்கன் என்ற பெயரே பழைய ஏடுகளில் லிங்க்ஹார்ன் என்று இருக்கிறது.

சொத்தைப் பின்தொடர்ந்தால் உறவு கிடைக்கும் என்றேன். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் வம்சத்தாருக்கு இந்த வாக்கியம் கசக்கும். 1850, 1860 கணக்குகளில் அவர்கள் வயதும் பாலும் நிறமுமாக மட்டும் இருக்கிறார்கள், பெயர் எஜமானருடையது. எல்லாரையும் பெயரோடு எழுதிய முதல் கணக்கு 1870இல் வந்தது. அதற்கு முன்னால் போக வேண்டுமானால், எஜமானர் யார் என்று கண்டுபிடித்து, அவருடைய உயிலிலும் சாமான் பட்டியலிலும் தேட வேண்டும். குதிரைக்கும் கலப்பைக்கும் இடையில் தன் பாட்டியின் பெயரும் அதற்கு எதிரே ஒரு விலையும் எழுதியிருப்பதை அவர்கள் பார்க்கிறார்கள். அந்த வரியைப் படித்துத்தான் வம்சாவளியில் அடுத்த பெயரை எழுத முடிகிறது.

"கோர்ட்டுக் கட்டடம் எரிந்துவிட்டது" என்ற பதிலும் அடிக்கடி வரும். உள்நாட்டுப் போரின்போது ஹைலன் லயன் என்ற தென்படைத் தளபதி கென்டக்கியில் பல கோர்ட்டுக் கட்டடங்களைக் கொளுத்தினார். வர்ஜீனியாவின் சில கவுண்டிகள் பத்திரமாக இருக்கட்டும் என்று ஏடுகளை ரிச்மண்டுக்கு அனுப்பிவைத்தன. 1865 ஏப்ரலில் ரிச்மண்டே எரிந்தது. சிகாகோ 1871இல். ஆனால் எரிந்தது என்றால் எல்லாம் போனது என்று பொருளல்ல. தீக்குப் பிறகு மக்கள் வீட்டிலிருந்த பழைய பத்திரங்களைக் கொண்டுவந்து மறுபடி பதிந்தார்கள். வரிப் பட்டியலின் நகல் மாநிலத் தலைநகருக்குப் போயிருக்கும். தாய்க் கவுண்டியும் பக்கத்துக் கவுண்டியும் இருக்கவே இருக்கின்றன.

இதற்கெல்லாம் விமானம் ஏற வேண்டியதில்லை. மார்மன் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் 1938 முதல் ஊர் ஊராகப் போய்ப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். இன்று அவர்களுடைய ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கி அவற்றில் பலவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். பெயர்ப் பெட்டியில் தட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். நூற்பட்டியலில் கவுண்டியின் பெயரைப் போட்டு, அங்கே என்னென்ன ஏடுகள் இருக்கின்றன என்று பாருங்கள். பெயர் அட்டவணைக்குள் இன்னும் வராத பக்கங்கள் ஏராளம். ஏடு புரட்டுவதுபோல ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். 2024 முதல் கையெழுத்தைக் கணினியே வாசித்து, நில, உயில் ஏடுகளின் உள்ளே இருக்கும் பெயரைத் தேடித்தரும் வசதியும் வந்திருக்கிறது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கூட இப்போது அகப்படுகிறார்.

இந்த ஏடுகளில் இந்தியர்களும் இருக்கிறார்கள். 1910களிலிருந்து கலிபோர்னியாவின் இம்பீரியல் கவுண்டியில் விவசாயம் செய்த பஞ்சாபியர் பலர் மெக்சிகோ வழிப் பெண்களை மணந்தார்கள். வெள்ளையரும் மற்றவரும் மணப்பதை மாநிலச் சட்டம் தடுத்தது. லைசன்ஸ் கொடுக்கும் எழுத்தர் இருவருக்கும் நிறத்தை ஒரே மாதிரி எழுதிவிட்டால் சிக்கல் இல்லை. பெரும்பாலோர் சீக்கியர்கள், ஏட்டில் "இந்து". ஆய்வாளர் கேரன் லெனார்ட் இந்தக் குடும்பங்களின் கதையை எழுதியபோது கவுண்டிப் பதிவுகளே அவருக்குப் பெரிய ஆதாரம். இன்று அமெரிக்காவில் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பத்தின் பத்திரமும் பெரும்பாலும் அதேபோன்ற ஒரு கவுண்டி அலுவலகத்தில்தான் பதிவாகிறது.

ஆகவே பேரனிடம் இதைச் சொல்லுங்கள். முதலில் அம்மா வழிப் பெரியவர் ஒருவரிடம், யார் எந்த ஆண்டில் எந்த ஊரில் இருந்தார்கள் என்று கேட்டு எழுதட்டும். அந்த ஆண்டில் அந்த ஊர் எந்தக் கவுண்டி என்று பார்க்கட்டும். கிடைத்த ஒவ்வொன்றுக்கும் எதிரே கவுண்டி, ஏட்டின் எண், பக்கம் மூன்றையும் குறிக்கட்டும். அப்படிக் குறிக்காத வம்சாவளியை அடுத்தவர் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாத வம்சாவளி வெறும் செவிவழிச் செய்திதான்.