இரவில் கேட்ட பாவசங்கீர்த்தனம்

கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தனத்துக்குக் குருவானவர் தேவை. மனம் வருந்துவது, பாவத்தை அறிக்கையிடுவது, பரிகாரம் செய்வது விசுவாசியின் பங்கு. கடவுளின் பெயரால் மன்னிப்பு வழங்குவது குருவின் பங்கு. கேட்டதை அவர் உயிர் போனாலும் வெளியிடக்கூடாது.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினர். விசுவாசம் வீடுகளுக்குள் மறைவாகப் பிழைத்தது, பாவமன்னிப்புக்குத்தான் ஆளில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இதுவே நிலை.

1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். துணிச்சலான உத்திதான்: மாலையைக் கண்டு முகம் மாறியவர்களே அவர் தேடிய கத்தோலிக்கர். தமிழ் கற்று, சில்லாலை என்ற ஊரில் தங்கி, இரவுகளில் பாவசங்கீர்த்தனம் கேட்டுத் திருப்பலி நிறைவேற்றினார். 1711இல் கண்டியில் காலமானார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.