இண்டியானாவின் 2024 சீசன்: தலைமைப் பயிற்சியாளர் என்பவர் என்ன செய்கிறார்?

அமெரிக்காவின் புளூமிங்டன் நகரில் உள்ள இண்டியானா பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்துதான் பெருமை. ஐந்து முறை தேசியப் பட்டம் வென்ற அணி அது. அதே பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியின் கதை நேர் எதிர். 2024 சீசன் தொடங்கியபோது, நாட்டின் உயர்நிலைக் கல்லூரி அணிகளில் வரலாற்றிலேயே அதிகத் தோல்வி கண்ட அணி அதுதான். எண்ணிக்கை 700ஐத் தாண்டியிருந்தது. 'பிக் டென்' என்ற கூட்டமைப்பின் பட்டத்தைக் கடைசியாக அது பெற்றது 1967இல், அதுவும் மற்ற அணிகளோடு பங்கிட்டுக்கொண்டது. 2023இல் ஆடிய 12 ஆட்டங்களில் வென்றவை மூன்றே மூன்று.

அடுத்த ஆண்டு அந்த அணி முதல் பத்து ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றது. ஒரே சீசனில் பத்து வெற்றி என்பது அந்தப் பல்கலைக்கழகம் அதுவரை காணாதது. மைதானம் அதேதான். தலைமைப் பயிற்சியாளர் புதியவர்: கர்ட் சிக்னெட்டி, பொறுப்பேற்கும்போது வயது 62.

ஒரே மனிதர் வந்து ஓர் அணியை இப்படித் திருப்பிவிட முடியுமா? முடிந்தது. எப்படி என்று புரிய, முதலில் அந்த ஆட்டத்தின் இயக்கத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மைதானம் 100 கெஜம் நீளம். ஒரு பக்கம் 11 பேர், எதிரே 11 பேர். பந்து கையில் உள்ள அணிக்கு நான்கு வாய்ப்புகள். ஒவ்வொன்றுக்கும் 'டவுன்' என்று பெயர். நான்குக்குள் பத்து கெஜம் முன்னேறினால் புதிதாக நான்கு வாய்ப்பு கிடைக்கும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைச் சேர்த்தால் 'டச்டவுன்', ஆறு புள்ளிகள். கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் மூன்று. கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்தும் தனி நிகழ்வாக இருப்பதுபோல இங்கே ஒவ்வொரு டவுனும் தனி நிகழ்வு. சில விநாடிகளில் முடிந்துவிடும், பிறகு எல்லாரும் மறுபடி அணிவகுத்து நிற்பார்கள். அந்த இடைவெளியில்தான் பயிற்சியாளரின் ராஜ்யம் நடக்கிறது. அடுத்து என்ன ஆட வேண்டும் என்பதை வெளியே நிற்பவர்கள் முடிவு செய்து உள்ளே அனுப்புகிறார்கள்.

தாக்குதலுக்கு ஒரு குழு, தடுப்புக்கு ஒரு குழு, உதைகளுக்கு ஒரு குழு என்று ஓர் அணிக்குள்ளேயே மூன்று அணிகள் உண்டு. நூறு பேருக்கு மேற்பட்ட இளைஞர்கள், எல்லாரும் மாணவர்கள். சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி வைக்கக் கூடாது என்பது விதி. இந்த விதி நம் கதைக்கு முக்கியம். எல்லாருக்கும் அதே 20 மணி நேரம்தான் என்றால், வித்தியாசம் வேறு எங்கிருந்தோ வர வேண்டும். யாரை அணியில் எடுக்கிறோம், அவர்களுக்கு எதைச் சொல்லித்தருகிறோம் என்ற இரண்டு இடங்களிலிருந்துதான் அது வரும்.

சிக்னெட்டியின் தந்தை ஃபிராங்க் சிக்னெட்டியும் பேர்பெற்ற கல்லூரிப் பயிற்சியாளர். மகன் 2007 முதல் நான்கு சீசன்கள் அலபாமா பல்கலைக்கழகத் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபனிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். வீரர்களைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. நாட்டின் மிகப் பெரிய மேடை அது. அங்கிருந்து இறங்கி, பென்சில்வேனியாவில் தந்தை முன்பு பயிற்சியளித்த ஒரு சிறிய இரண்டாம் நிலைக் கல்லூரிக்கு 2011இல் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அப்போது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஈலான் பல்கலைக்கழகம், பிறகு வர்ஜீனியா மாநிலத்தின் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம். மேடிசனில் ஐந்து சீசன்களில் 52 வெற்றி, 9 தோல்வி. போன இடமெல்லாம் வென்றவர், ஆனால் பெரிய கல்லூரிகளில் ஒன்றான இண்டியானா அவரை அழைக்க 2023 நவம்பர் இறுதி ஆனது.

இண்டியானாவின் சீசன் உண்மையில் தொடங்கியது அப்போதுதான். முதல் ஆட்டம் 2024 ஆகஸ்ட் 31இல். அதற்குப் பல மாதம் முன்பே பாதி வேலை முடிந்துவிட்டது என்பது என் கணிப்பு.

கல்லூரி வீரர் ஒருவர் வேறு கல்லூரிக்கு மாற விரும்பினால் முன்பெல்லாம் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2018இல் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற பதிவேடு வந்தது. மாற விரும்புகிறவர் பெயர் அதில் ஏறும், எந்தப் பயிற்சியாளரும் அவரோடு பேசலாம். 2021இல் முதல் மாற்றத்துக்குக் காத்திருப்பு நீங்கியது, 2024இல் அடுத்தடுத்த மாற்றங்களுக்கும் நீங்கியது. தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் ஈட்டவும் 2021 முதல் வீரர்களுக்கு உரிமை கிடைத்தது. முன்பு ஒரு புதிய பயிற்சியாளர், பள்ளிச் சிறுவர்களை எடுத்து வளர்த்து அணியை நிமிர்த்த நான்கைந்து ஆண்டு ஆகும். இப்போது ஒரே டிசம்பரில் அணியின் முகத்தையே மாற்றிவிடலாம்.

இந்த வசதி எல்லாருக்கும் பொதுவானதுதான். சிக்னெட்டி எடுத்த விதத்தில்தான் வேறுபாடு. பள்ளியில் நட்சத்திர மதிப்பீடு பெற்று, பெரிய கல்லூரியில் வாய்ப்புக்குக் காத்திருக்கும் இளைஞர்களை அவர் துரத்தவில்லை. சிறிய கூட்டமைப்பானாலும் களத்தில் இறங்கி ஆடிக் காட்டியவர்களைத் தேடினார். வளரக்கூடும் என்ற நம்பிக்கையைவிடச் செய்து முடித்த ஆட்டமே அவருக்குப் பெரிது. ஜேம்ஸ் மேடிசனில் அவரிடம் ஆடியவர்களில் 13 பேர் அவரோடு புளூமிங்டனுக்கு வந்தார்கள். தடுப்பில் ஐடன் ஃபிஷர், மிகைல் கமாரா, டி'ஆஞ்சலோ பாண்ட்ஸ், தாக்குதலில் எலைஜா சாரட். பாண்ட்ஸின் உயரம் 5 அடி 9 அங்குலம். அளவு நாடாவை நம்புகிறவர்கள் தள்ளிவிடக்கூடிய வீரர். கமாரா அந்த சீசனில், பந்தை எடுத்து ஆட்டத்தை நடத்தும் எதிரணி குவார்ட்டர்பேக்கைப் பத்து முறை பந்தோடு சேர்த்து வீழ்த்தினார். தாக்குதலை வகுக்கும் மைக் ஷனஹனும் தடுப்பை வகுக்கும் பிரையன்ட் ஹெயின்ஸும்கூட மேடிசனிலிருந்து கூடவே வந்தவர்கள்.

இதன் பலன் உடனே தெரியக்கூடியது. பயிற்சியின் முதல் நாளிலேயே அங்கே பாடம் ஏற்கெனவே தெரிந்தவர்கள் ஒரு டஜனுக்கு மேல் இருந்தார்கள். பயிற்சியாளர் நூறு பேருக்கும் தனித்தனியே சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவனே சொல்லிக்கொடுப்பான். 20 மணி நேர விதிக்குள் இது பெரிய கொடை.

வீரர்கள் இப்படிக் கூட்டமாக இடம் மாறுவது கல்லூரி விளையாட்டைக் கெடுக்கிறது என்று வருந்துகிறவர்கள் உண்டு. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. விட்டுவரப்பட்ட அணிக்கும் அதன் ஊருக்கும் அது வலிதான். ஆனால் பயிற்சியாளர்கள் எப்போதும் நல்ல சம்பளம் வந்ததும் கிளம்பிப் போனவர்கள்தான். அந்த உரிமை வீரனுக்கு மட்டும் இல்லாதிருந்தது அநியாயம்.

இண்டியானாவின் குவார்ட்டர்பேக் இடத்துக்கு வந்தவர் கனடாக்காரர் கர்டிஸ் ரூர்க், ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டு ஆடி அனுபவம் சேர்த்தவர். அந்தத் தாக்குதல் அவரிடம் கேட்டது என்ன என்று பார்த்தால் இந்த ஆட்டத்தின் அழகு தெரியும். ஷனஹன் அடிக்கடி பயன்படுத்துவது 'ஆர்.பி.ஓ.' என்ற உத்தி. ஓடுவதா, எறிவதா என்பதை முன்கூட்டி முடிவு செய்யாமல், பந்து கைக்கு வந்த பிறகு முடிவு செய்வது. குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரனின் வயிற்றருகே நீட்டுகிறார். கையை இன்னும் எடுக்கவில்லை. அவர் கண் எதிரணியின் ஒரே ஒருவர் மீது இருக்கிறது. அந்த ஆள் ஓட்டக்காரனைத் தடுக்க முன்னே பாய்ந்தால், பந்தை இழுத்து, அவர் விட்டுவந்த வெற்றிடத்துக்குள் ஓடும் சக வீரனுக்கு எறிகிறார். பாயாமல் நின்றால் பந்தை ஓட்டக்காரனிடமே விட்டுவிடுகிறார். எதிராளி எதைச் செய்தாலும் தவறாகிவிடும்.

இதில் நேரக் கணக்கு மிக நுட்பமானது. முன்வரிசையில் நின்று எதிரணியைத் தள்ளும் ஐந்து கனத்த வீரர்களும் அது ஓட்டம் என்றே எண்ணி முன்னேறுகிறார்கள். ஆனால் பந்து எறியப்படுவதற்கு முன் அவர்கள் மூன்று கெஜத்துக்கு மேல் போயிருந்தால் கல்லூரி விதிப்படி குற்றம். ஆக முடிவெடுக்க ஒரு விநாடிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். அனுபவம் வாய்ந்த ஒருவரை சிக்னெட்டி தேடியதன் காரணம் இதில் இருக்கிறது. ரூர்க் அந்த சீசனில் 29 டச்டவுன்களை எறிந்து கொடுத்தார். முழங்காலில் தசைநார் கிழிந்த நிலையிலேயே சீசன் முழுவதும் ஆடினார் என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது.

அந்த ஆண்டு ஒரு புதிய கருவியும் வந்தது. 2024 முதல் உயர்நிலைக் கல்லூரி ஆட்டங்களில் களத்தில் ஒரு வீரரின் தலைக்கவசத்துக்குள் ரேடியோ வைத்துப் பயிற்சியாளர் அவரோடு பேச அனுமதி கிடைத்தது. ஒரு டவுனுக்கும் அடுத்ததற்கும் இடையே ஓடும் கடிகாரத்தில் 15 விநாடி மீதமிருக்கும்போது அந்த இணைப்பு தானே அறுந்துவிடும். அதன்பின் களத்தில் இருப்பவர் தனியாள்.

ஆட்டங்களின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். வெஸ்டர்ன் இலினாய் 77-3. நெப்ராஸ்கா 56-7. மிச்சிகன் ஸ்டேட் பத்துப் புள்ளி முந்தியது; அதன்பின் இண்டியானா தொடர்ந்து 47 புள்ளி குவித்தது. பரம வைரியான பர்டியூ 66-0. பதின்மூன்று ஆட்டங்களில் சராசரியாக 41 புள்ளி எடுத்து, 16க்கும் குறைவாகவே கொடுத்தது.

எனக்கு அவற்றைவிட மதிப்புள்ளது நவம்பர் 9இல் மிச்சிகனோடு நடந்த ஆட்டம். இடைவேளையில் 17-3 என்று முந்தியிருந்த இண்டியானாவின் தாக்குதல் இரண்டாம் பாதியில் கிட்டத்தட்ட முடங்கிப்போனது. முன்னிலை 17-15 ஆகச் சுருங்கியது. சமன் செய்ய, டச்டவுனுக்குப் பின் மிச்சிகன் எடுத்த இரண்டு புள்ளி முயற்சியைத் தடுப்புக் குழு முறியடித்தது, இறுதியில் 20-15. எளிதாக வெல்லும் அணியாக மட்டும் இருந்தது, இடறியும் வெல்லத் தெரிந்த அணி ஆனது அன்றுதான். அடுத்த வாரமே பல்கலைக்கழகம் சிக்னெட்டியுடன் எட்டு ஆண்டுகளுக்குப் புதிய ஒப்பந்தம் போட்டது.

வலிமையான அணிகளை அது அதிகம் சந்திக்கவில்லை என்ற விமர்சனமும் எழுந்தது. அதில் உண்மை உண்டு. ஒஹாயோ ஸ்டேட்டிடம் 38-15 என்று தோற்றபோது ரூர்க் ஐந்து முறை வீழ்த்தப்பட்டார். உதைக் குழு தடுமாறியது; இண்டியானா உதைத்த பந்தைப் பிடித்து எதிரணியின் கேலப் டவுன்ஸ் 79 கெஜம் ஓடிவந்து டச்டவுன் போட்டார். டிசம்பர் 20இல், 12 அணிகளாக விரிவாக்கப்பட்ட தேசியப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில், நாட்ர டேம் அணியின் ஜெரமையா லவ் 98 கெஜம் ஓடிப் புள்ளி எடுக்க, இண்டியானா 27-17 என்று வெளியேறியது. முன்வரிசையின் கனத்தில் பெரிய அணிகளோடு இன்னும் இடைவெளி இருந்தது என்பதை இரு தோல்விகளும் காட்டின. ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த ஆண்டின் தேசிய இறுதி ஆட்டத்தில் மோதியவை அந்த இரண்டு அணிகளேதான்.

இடைவெளியை அடைக்க ஒரே ஆண்டுதான் ஆனது. 2025 சீசனில் இண்டியானா 16 ஆட்டங்களையும் வென்று, இறுதியில் மயாமியை 27-21 என்று தோற்கடித்துத் தன் முதல் தேசியப் பட்டத்தைப் பெற்றது. மேடிசனிலிருந்து வந்த ஃபிஷர், கமாரா, பாண்ட்ஸ், சாரட் நால்வரும் அந்த அணியில் இருந்தார்கள்.