இங்கிட்டு பாருடா மணி!

சிவகாசி காலண்டர்களை ஒரு தடவை புரட்டிப் பாருங்க பாஸ். முருகன், லட்சுமி, அருவி, கன்னத்தில் கை வைத்துச் சிரிக்கும் குழந்தை... அப்புறம் அநேகமா ஒரு கூடை. கூடைக்குள்ளே உட்கார்ந்து பாவமா முழிக்கிற புசுபுசு நாய்க்குட்டி. கழுத்தில் ரிப்பன் வேற! ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும்போது, அந்தக் குட்டியும் ஏதோ ஒரு பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கும். எந்த நாட்டுக் குட்டியோ, எந்த ஸ்டூடியோவில் எடுத்த படமோ... கரிசல் மண்ணில் கால் வைத்த தடயமே இருக்காது.

காமெடி என்னன்னா, அந்தக் காலண்டர் அச்சாகிற இதே விருதுநகர் மாவட்டத்தில் இரண்டு ஊர்கள் நாய் இனத்துக்கே பெயர் கொடுத்திருக்கின்றன. ஒன்று ராஜபாளையம், இன்னொன்று சிப்பிப்பாறை. கன்னி என்ற இனமும் இந்தத் தெற்குச் சீமைக்காரிதான். 2005 ஜனவரி 9 அன்று இந்தியத் தபால் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. ராம்பூர், முதோல், இமாலயன் ஷீப்டாக் மூன்றுக்கும் பக்கத்தில் நம்ம ராஜபாளையமும் கம்பீரமா இடம் பிடித்தது. 2020 ஆகஸ்ட்டில் பிரதமரின் 'மன் கி பாத்' வானொலிப் பேச்சிலும் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று வரிசையாகப் பெயர் வந்தது.

பெருமைக்குக் குறைச்சல் இல்லை. போட்டோவுக்குத்தான் குறைச்சல்!

கை இருக்கு... ஆள் எங்கே?

நெட்டில் 'ராஜபாளையம் நாய்' என்று தட்டிப் பாருங்க. நூறு படம் வரும். எல்லாமே கிட்டத்தட்ட ஒரே படம்தான். நாய் பக்கவாட்டில் விறைப்பா நிற்கும். கால் நான்கும் அளவெடுத்த மாதிரி இருக்கும். கழுத்தில் சங்கிலி. அந்தச் சங்கிலியின் மறுமுனையில் ஒரு கை. அவ்வளவுதான். கைக்குச் சொந்தக்காரர் தோளோடு கட்!

விற்பனைக்கும் கண்காட்சிக்கும் அப்படி ஒரு படம் தேவைதான். நெஞ்சு எவ்வளவு இறக்கம், வால் எப்படி வளைகிறது என்று வாங்குகிறவர் பார்க்கணும். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நாய்க்குத் தினம் ராத்திரி சோறு பிசைந்து வைக்கிற மனுஷன், அது தன் கால் மேல் தலையை வைத்துத் தூங்கும்போது அசையாமல் உட்கார்ந்திருக்கிற பாட்டி, இவங்களை எல்லாம் யார் எடுப்பாங்க? காலேஜ் விட்டு வந்ததும் செல்போனும் கையுமா உட்கார்ந்திருக்கிற நீங்கதான் எடுக்கணும். வேற யாரு?

அதுவும் ராஜபாளையம் நாய்க்கு 'ஒத்த ஆள் நாய்' என்று ஒரு பெயர் உண்டு. வளர்த்தவர் ஒருத்தர்தான் அதுக்கு உலகம். வெளியாள் கொஞ்சினால் பிடிக்காது. அப்படிப்பட்ட நாயை எஜமானை வெட்டிவிட்டு எடுத்தால், பாதி நாயைத்தானே எடுத்த மாதிரி?

இதில் கொஞ்சம் சயின்ஸும் இருக்கு. 2015-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் ரொம்ப நேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டால், ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் இருவருக்குமே கூடுகிறதாம். குழந்தைக்கும் அம்மாவுக்கும் இடையே வேலை செய்கிற அதே ஹார்மோன்தான். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இதே சோதனையைச் செய்தபோது அந்த மேஜிக் நடக்கவில்லை. ஆக, நீங்கள் பிடிக்க வேண்டியது அந்தப் பார்வையைத்தான். நாய் லென்ஸைப் பார்க்கணும் என்று விசில் அடித்து, பிஸ்கட் பாக்கெட்டைச் சரசரத்து, "இங்கிட்டு பாருடா மணி" என்று தொண்டை வறளக் கத்துவதெல்லாம் வேஸ்ட். மணி எங்கிட்டுப் பார்க்கிறானோ, அங்கிட்டுதான் போட்டோ இருக்கு.

முட்டி போடு மச்சி

நாய்ப் படங்களுக்கு உலகத்திலேயே பேர் போன ஒருத்தர் இருந்தார். எலியட் எர்விட். மேக்னம் புகைப்படக் குழுவைச் சேர்ந்தவர், 2023-ல்தான் காலமானார். 1974-ல் நியூயார்க்கில் அவர் எடுத்த ஒரு படம் ரொம்பப் பிரபலம். தரையோடு தரையாக வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். குட்டியூண்டு சிவாவா நாய் ஒன்று தொப்பி மாட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் பூட்ஸ் போட்ட ஒரு பெண்ணின் கால்கள். கூடவே இன்னும் இரண்டு நீளமான கால்கள். யாரோ ஒரு ஆள் என்று முதலில் தோணும். அப்புறம்தான் பொறி தட்டும். அது ஒரு கிரேட் டேன் நாயின் முன்னங்கால்கள்!

அந்தப் படத்தில் யார் முகமும் முழுசா இல்லை, சிவாவாவைத் தவிர. ஆனாலும் மூணு பேரும் ஒரே குடும்பம் என்று பார்த்ததும் தெரிகிறது. காரணம் எர்விட் குனிந்ததுதான். நாம் நின்றபடி எடுத்தால் நாயின் முதுகும் எஜமானின் வேட்டிக் கரையும்தான் கிடைக்கும். முட்டி போட்டால், முடிந்தால் குப்புறப் படுத்தால், நாய் தன் ஆளை அண்ணாந்து பார்க்கிற அதே உயரத்திலிருந்து நாமும் பார்க்கலாம். ஜீன்ஸ் அழுக்காகும். பரவாயில்லை, துவைச்சுக்கலாம்.

அடுத்த தலைவலி வெயில். நம்ம ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லணுமா? தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றியதுக்கே இந்த வறண்ட வானம்தான் ஒரு காரணம். மட்ட மத்தியானத்தில் தூய வெள்ளை ராஜபாளையம் நாயை நிறுத்தி போனை நீட்டினால், போன் மிரண்டுபோய் வெளிச்சத்தைக் குறைக்கும். நாய் சாம்பல் நிறமாகும், பக்கத்தில் நிற்கிற அண்ணாச்சியின் முகம் மொத்தமாக இருட்டாகும். மறுபடியும் ஆள் காணாமல் போயிட்டார் பாருங்க! ஸ்கிரீனில் நாயைத் தொடாமல் மனுஷன் முகத்தைத் தொடுங்க. வெளிச்சம் அதுக்கு ஏற்ற மாதிரி மாறும். அதைவிட ஈஸி, ரெண்டு பேரையும் வேப்ப மர நிழலுக்கோ திண்ணைக்கோ கூட்டிட்டுப் போறது. கறுப்புக் கன்னி நாய் என்றால் கதை தலைகீழ். போன் வெளிச்சத்தைக் கூட்டிவிடும், நீங்கள்தான் கொஞ்சம் குறைக்கணும்.

ஃபிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. ஃபிளாஷ் பட்டால் வீட்டுச் செல்லம் பேய்ப்பட ஹீரோ மாதிரி பச்சைக் கண்ணோடு நிற்கும். 2019-லேயே சோனி கேமராக்களில் விலங்குகளின் கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்கிற வசதி வந்துவிட்டது. இருந்தால் பயன்படுத்துங்க. இல்லாவிட்டால் குடி முழுகிப்போகாது.

வேன் வர்ற நேரம்

எப்போ எடுக்கலாம்? என்னைக் கேட்டால் சாயங்காலம். அழகான வெளிச்சம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போனவர்களை வேன் கொண்டுவந்து இறக்கிவிடுகிற நேரம் அது. சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் தெருமுனையில் நின்று பாருங்க. வேன் சத்தத்துக்கே காதைத் தூக்குகிற ஒரு நாய் எங்கேயாவது இருக்கும். டிபன் வாளியோடு ஒரு அக்கா இறங்குவாங்க. மிச்சம் வைத்த ரெண்டு வாய்ச் சோறு யாருக்கு என்று நாய்க்குத் தெரியும்!

(ஒரு எச்சரிக்கை. ஆர்வக்கோளாறில் ஆலைக்குள்ளே கேமராவோடு போய்விடாதீங்க. மருந்து புழங்குகிற இடம். செல்போனுக்கே அங்கே அனுமதி கிடையாது.)

இதை ஜாலியான மேட்டராக மட்டும் சொல்லவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன்பும் நடந்திருக்கிறது, பிறகும் நடக்கிறது. அப்படி ஒரு சாவு விழுந்த வீட்டில் மாலை போட்டு மாட்ட ஒரு படம் தேடினால், பல நேரம் கிடைப்பது அடையாள அட்டைப் படம்தான். அதை ஊதிப் பெரிசாக்குவார்கள். முறைத்துக்கொண்டோ மிரண்டுபோயோ இருக்கிற முகம். அந்த மனுஷி நாயோடு மல்லுக்கட்டிச் சிரிக்கும்போது எப்படி இருந்தாள் என்று அந்தச் சுவருக்குத் தெரியவே தெரியாது. செல்லப்பிராணியோடு இருக்கும்போது மனுஷங்க கேமராவை மறந்துடுவாங்க. போஸ் கொடுக்கத் தெரியாதவங்களுக்கு அதைவிட நல்ல போஸ் கிடையாது. நாயைச் சாக்கு வைத்து ஆளை எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நாய் என்ன நாய், ஆடு இருக்கே! இங்கே நிறைய வீடுகளில் உண்மையான செல்லம் ஆடுதான். பேர் வைத்து, பால் புட்டியில் குடிக்க வைத்து, மழைக்கு வீட்டுக்குள்ளேயே கட்டி வளர்ப்பார்கள். அப்புறம் ஒருநாள் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும், விற்றாகணும். இல்லாவிட்டால் குலசாமிக்கு நேர்ந்துவிட்டதாக இருக்கும். அந்த வீட்டுச் சின்னப் பையன் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாமல் கிடப்பான். இது பாசமா, பிழைப்பா என்று பட்டிமன்றம் நடத்தினால் தீர்ப்பே சொல்ல முடியாது. ரெண்டும்தான். நகரத்து 'பெட் ஷூட்' ஆல்பங்களில் பலூனும் கேக்கும் இருக்கும், இந்த மாதிரி சிக்கல் இருக்காது. எனக்கென்னவோ பலூனைவிட இந்தப் பையனும் ஆடும்தான் பெரிய படமா தெரியுது. விற்கப்போகிற அன்றைக்குப் போய் நின்று அவன் அழுகையை எடுக்காதீங்க. அதுக்கு முந்தின வாரமே போயிடுங்க.

அப்புறம்... தீபாவளி

தவிர்க்கவே முடியாத சப்ஜெக்ட். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால், நாய்க்கு அது சுமார் 45,000. பூனைக்கு அதற்கும் மேலே. 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்ற பட்டாசு ஒலி வரம்பு மனிதக் காதை மனதில் வைத்துப் போட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வெடிக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தி, சரவெடிக்கும் தடை போட்டது. அந்தத் தடையால் இந்த வட்டாரத்தில் எத்தனை அடுப்பு திண்டாடியது என்பதும் நமக்குத் தெரியும். பட்டாசு சுற்றிச் சம்பாதித்த காசில் வாங்கிய பாலைக் குடித்த நாய், அதே பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கு அடியில் ஒடுங்கி நடுங்குகிறது. யாரை நொந்துகொள்வது?

அந்த நடுக்கத்தை ரீல்ஸ் ஆக்காதீங்க, ப்ளீஸ். அன்றைக்கு அதுக்குத் தேவை ஒரு மூடிய அறை, ஓடுகிற டி.வி. சத்தம், பக்கத்தில் வளர்த்தவர். அவ்வளவுதான். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் மட்டும் ஒரு வேலை பண்ணுங்க. நாயின் இடப்பக்கம், வலப்பக்கம், முகம், ஏதாவது மச்சமோ தழும்போ இருந்தால் அதையும் தெளிவா எடுத்து வையுங்க. ஆமாம், நாம் மேலே கிண்டல் பண்ணின அதே விறைப்பு போட்டோதான்! வெடிச் சத்தத்தில் மிரண்டு சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுகிற நாய்களைத் தேட அதுதான் உதவும். கூடவே வளர்த்தவரோடு சேர்ந்து எடுத்த ஒரு படமும் வேணும். நாலு தெரு தள்ளி யாராவது "இது எங்க நாய்" என்று கட்டிப்போட்டுக்கொண்டால், சட்டென்று எடுத்துக் காட்டலாமே.

கடைசியா ஒண்ணு. எடுத்த படத்தை உங்க போனிலேயே புதைச்சுடாதீங்க. அச்சுத் தொழிலுக்குப் பேர் வாங்கின ஊரில் இருந்துகொண்டு பிரின்ட் போடாமல் இருந்தால் நல்லாவா இருக்கும்? ஒரு மேக்ஸி சைஸ் பிரின்ட் போட்டு, அந்த வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்க. போகும்போது போனில் ஃபுல் சார்ஜ் இருக்கட்டும். "எங்க வெள்ளச்சியையும் ஒண்ணு எடுத்துக் குடுங்க தம்பி" என்று பக்கத்து வீட்டு அக்கா ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.