காட்டு விலங்கைக் கொல்வோருக்குத் தண்டனை போதுமா?

பத்துமலைக்குப் போகாத தமிழ்க் குடும்பம் இந்நாட்டில் உண்டா? 272 படிகளையும் எண்ணிக்கொண்டே ஏறியிருப்போம். ஆனால், இந்தக் குகையை வெளியுலகம் அறியச் செய்தவர் ஒரு வேட்டைக்காரர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

வில்லியம் ஹார்னடே என்ற அமெரிக்கர் 1878-இல் இங்கு வந்தார். அருங்காட்சியகங்களுக்காக விலங்குகளைச் சுட்டுத் தோல் உரித்து அனுப்புவதே அவர் தொழில். இங்கு வருமுன் ஆனைமலைக் காடுகளில் வேட்டையாடினார். இங்கிருந்து போர்னியோவுக்குப் போய் ஒராங் ஊத்தான்களைச் சுட்டுக் குவித்தார். பின்னர் 1886-இல் பைசன் எனும் காட்டெருமையைத் தேடி அமெரிக்கப் புல்வெளிக்குப் போனார். முன்பு இலட்சக்கணக்கில் மேய்ந்த இடத்தில் வெள்ளை எலும்புகளே அதிகம் கிடந்தன. அதன் பிறகு வேட்டையைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்காகப் பாடுபட்டார். 1913-இல் அதற்கென ஒரு நூலும் எழுதினார்.

சுட்டவரே சட்டம் கேட்டார். நம் நாட்டிலோ சட்டம் இருக்கிறது. விலங்குகள்தாம் இல்லாமல் போகின்றன!

இழந்தவை எத்தனை?

முருகப் பெருமானின் வாகனம் மயில். ஒரு காலத்தில் இந்தத் தீபகற்பத்தின் காடுகளில் பச்சை மயில் தன்னிச்சையாகத் திரிந்தது. பிறகு அது இங்கிருந்து அற்றுப்போனது. நாட்டின் கடைசிச் சுமத்திரா காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. நாட்டின் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பின்படி காட்டிலிருக்கும் புலிகளோ 150-க்கும் குறைவு.

காடு அழிந்ததும் இதற்குக் காரணம்தான். நம் முன்னோர் வேலை செய்த தோட்டங்களும் ஒரு நாள் காடாக இருந்தவையே. ஆனால், எஞ்சிய காட்டிலும் விலங்கு மிஞ்சாமல் செய்வது கள்ள வேட்டை.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புலியைக் கொன்றவருக்கு அதிகபட்சம் 15,000 வெள்ளி அபராதம் அல்லது ஐந்தாண்டுச் சிறை. அந்த ‘அல்லது’ என்ற சொல்தான் ஓட்டை. பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். 2010-இல் வந்த புதிய சட்டம் இதை மாற்றியது: புலியைக் கொன்றால் அபராதம் ஒரு இலட்சம் வெள்ளிக்குக் குறையாது, சிறையும் உண்டு. 2022-இல் செய்யப்பட்ட திருத்தம் உச்ச அபராதத்தைப் பத்து இலட்சம் வெள்ளியாகவும் சிறையைப் பதினைந்து ஆண்டாகவும் உயர்த்தியது.

ஏட்டில் எழுதிய தண்டனை குறைவென்று இனி யாரும் சொல்ல முடியாது. அது நடப்பில் எப்படி என்பதே கேள்வி.

2010 ஆகஸ்டில் சிப்பாங் விமான நிலையத்தில் ஒரு பெட்டியின் பூட்டு உடைந்தது. உள்ளே 95 போவா மலைப்பாம்புகள்! பெட்டிக்குரியவர், விலங்குக் கடத்தலுக்காக அமெரிக்காவில் ஏற்கெனவே சிறையிருந்த ஆன்சன் வோங். கீழ் நீதிமன்றம் ஆறு மாதச் சிறையும் 1,90,000 வெள்ளி அபராதமும் விதித்தது. உயர் நீதிமன்றம் அதை ஐந்தாண்டுச் சிறையாக்கியது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சுமார் பதினேழரை மாதமாகக் குறைக்க, அவர் வெளியே வந்தார்.

ஒரே குற்றத்துக்கு மூன்று நீதிமன்றங்களில் மூன்று அளவுகள்! அதைவிட முக்கியமானது, அந்தப் பூட்டு உடையாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது.

பிரம்பு எவ்வளவு நீளம் என்று பார்த்துப் பிள்ளைகள் பயப்படுவதில்லை. வாத்தியார் பார்க்கிறாரா என்றுதான் பார்க்கிறார்கள். கள்ள வேட்டைக்காரனும் அப்படியே. பத்து இலட்சம் வெள்ளி என்று பயமுறுத்துவதைவிட, நிச்சயம் பிடிபடுவோம் என்ற அச்சமே அவன் கையைக் கட்டும். 2019 முதல் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு இலாகாவும் போலீசும் கூட்டாகக் காட்டில் வேட்டை தடுப்பில் இறங்கியிருப்பது நல்ல மாற்றம். ஆனால் காடு பெரிது, காவல்காரர்கள் கொஞ்சம். இன்னும் ஆள் வேண்டும். கண்ணி வைத்தவனோடு நின்றுவிடாமல், அவனுக்குப் பணம் கொடுத்த முதலாளியையும் பிடிக்க வேண்டும்.

நமக்கும் இதில் பங்குண்டு

“இதெல்லாம் பெரிய கும்பல்களின் வேலை, நமக்கென்ன?” என்று கேட்கலாம். செம்பனை ஓரத்தில் பன்றிக்கென்று வைக்கும் கம்பிக் கண்ணிக்கு ஆள் அடையாளம் தெரியாது. பன்றி வந்தாலும் மான் வந்தாலும் புலி வந்தாலும் காலை இறுக்கும். காட்டுப்பன்றியை வேட்டையாடவும் உடும்பு பிடிக்கவும்கூட உரிமம் வேண்டும். அலங்கு, அதாவது மலாயில் தெங்கிலிங், முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. அதன் செதிலை மருந்தென்று வாங்குகிறார்கள். நம் கைநகம் எந்தப் பொருளால் ஆனதோ, அதே பொருள்தான் அந்தச் செதிலும். நகத்தைத் தின்று நோய் தீர்ந்தவர் உண்டா?

தரகன் நூறோ இருநூறோ கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். பிடிபட்டால் வழக்குத் தோட்டத்து ஆள் தலையில். நாள் சம்பளக்காரர் ஒரு இலட்சம் வெள்ளிக்கு எங்கே போவார்? அப்பா சிறைக்குப் போனால் லயத்து வீட்டில் அடுப்பெரிப்பது யார்? பள்ளிக்கூடத்தை விட்டு முதலில் நிற்பது யார்? இதை ஒவ்வொரு தாயும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிறிய உயிர்தானே என்று எதையும் தள்ளிவிடவும் முடியாது. பத்துமலைக் குகையில் தங்கும் தேன் குடிக்கும் வௌவால்கள், இரவில் பூத்தேடி நெடுந்தூரம் பறப்பதை 1970-களில் நடந்த ஆய்வு காட்டியது. டுரியான் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பவை அவைதாம். வௌவாலைச் சுட்டால் டுரியான் காய்ப்பதெப்படி?

ஆகவே, காட்டு இறைச்சியையும் செதிலையும் பணம் கொடுத்து வாங்காதீர்கள். கண்ணியைக் கண்டால் இலாகாவுக்கு அறிவியுங்கள். பிள்ளைகளின் கையில் கவண் கொடுப்பதற்குப் பதில், மரத்திலிருக்கும் பறவையின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். சட்டத்துக்குக் கண் நாமாக இருந்தால்தான் அதன் கை குற்றவாளியை எட்டும்.