சிறுநீரகத்தின் வளர்ச்சியும் ஓமோன் வாங்கிகளும்

முதுகெலும்பின் இருமருங்கிலும், விலா எலும்புகளின் கீழ்ப்புறத்தில், கைமுட்டியளவாக அமைந்திருப்பவை சிறுநீரகங்கள். குருதியை இடையறாது வடித்துக் கழிவுப்பொருள்களை அகற்றுவது அவற்றின் முதற்றொழில். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகுழாய்கள் உள. அவற்றைச் சிறுநீரகத்திகள் என்பர். எல்லா மனிதர்க்கும் இத்தொகை ஒன்றன்று. சிலருக்கு இரண்டு மூன்று இலட்சமே இருக்கும், வேறு சிலருக்கு இருபது இலட்சம் வரையிலும் இருக்கும்.

இவ்வேற்றுமை பெரிதும் தாயின் வயிற்றிலேயே முடிவாகிவிடுகிறது. கருவின் 36ஆம் வாரமளவில் புதிய சிறுநீரகத்திகள் உருவாவது நின்றுவிடும். குறைமாதத்திற் பிறந்த குழந்தையிலும் அவ்வேலை சில வாரங்களே தொடரும். அதன்பின் எத்துணை ஊட்டம் அளிப்பினும் ஒன்றேனும் புதிதாகத் தோன்றாது. வாழ்நாள் முழுவதற்கும் உரிய முதல் அப்போதே கட்டிவைக்கப்படுகிறது.

அவ்வாறாயின், இக்கட்டட வேலையை நடத்துவது எது? உடலின் ஓரிடத்திற் பிறந்து, குருதி வழியே சென்று, பிறிதோரிடத்தில் வேலை செய்விக்கும் பொருள்களுக்கு ஓமோன் என்னும் பெயரை 1905ஆம் ஆண்டில் வழங்கியவர் ஆங்கில உடற்றொழிலியல் அறிஞர் ஸ்டார்லிங். அதே ஆண்டில், கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த லாங்லி என்பவர், கலங்களில் இத்தகைய பொருள்களை ஏற்கும் ஒரு கூறு இருத்தல் வேண்டும் என்று கூறினார். அதனையே இன்று வாங்கி என்கிறோம். வானொலி அலை ஊரெங்கும் பரவுகிறது. எனினும், அதற்கு இசைவிக்கப்பட்ட பெட்டி உள்ள வீட்டிலேயே பாட்டுக் கேட்கிறது. ஓமோனும் அத்தகையதே. எந்தக் கலத்தில் உரிய வாங்கி உண்டோ, அந்தக் கலமே அதன் சொற்படி நடக்கும்.

கருவின் ஐந்தாம் வாரத்தில் நிலையான சிறுநீரகம் அரும்புகிறது. ஒரு சிறு குழாய் முளைத்து, அருகிலுள்ள இழையத்தினுட் புகுந்து, மரக்கிளைபோலக் கிளைக்கிறது. கிளைதோறும் சிறுநீரகத்திகள் உருவாகின்றன. அவ்விழையம் சுரக்கும் வளர்ச்சிக் காரணியைக் குழாயின் நுனியிலுள்ள வாங்கி ஏற்பதனாலேயே குழாய் கிளைக்கிறது. அவ்வாங்கி இல்லாத எலிகள் பெரும்பாலும் சிறுநீரகம் இன்றியோ, குறைவளர்ச்சியுற்ற சிறுநீரகத்துடனோ பிறந்தமை 1994இல் அறியப்பட்டது.

இக்காரணி அண்மையிலுள்ள கலங்களுக்கு மட்டும் செய்தி சொல்வது. குருதி வழியே வரும் ஓமோன்களுக்கும் இவ்வேலையிற் பங்குண்டு. அவற்றுள் ஆஞ்சியோடென்சின் குறிப்பிடத்தக்கது. 1898ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்னும் இருவர் முயலின் சிறுநீரகச் சாற்றிலே குருதி அமுக்கத்தை உயர்த்தும் பொருளொன்றைக் கண்டு, அதற்கு இரெனின் எனப் பெயரிட்டனர். ஈரல் ஆக்கும் ஒரு புரதத்தை இரெனின் துண்டிக்க, வேறொரு நொதியம் அத்துண்டினை மேலும் வெட்ட, ஆஞ்சியோடென்சின் பிறக்கிறது. வளர்ந்த மனிதரில் இது தன் வாங்கியை அடைந்து குருதிக்கலன்களைச் சுருக்கி, அமுக்கத்தை உயர்த்துகிறது. கருவிலோ, சிறுநீரகத்தினூடே போதிய குருதி பாய்வதற்கும், குழாய்கள் செவ்வனே முதிர்வதற்கும் அதே வாங்கி இன்றியமையாதது.

இதனை மனிதரிலும் கண்டுள்ளனர். இரெனின், ஆஞ்சியோடென்சின், அதன் வாங்கி ஆகியவற்றுக்குரிய பரம்பரையலகுகளுள் ஒன்று பழுதுற்றபோது, குழந்தையின் சிறுநீரகக் குழாய்கள் சரிவர அமையாமற்போவதை 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அத்தகைய கரு சிறுநீர் கழிப்பதில்லை. கருவைச் சூழ்ந்த நீரின் பெரும்பகுதி அதன் சிறுநீரே ஆகையால், அந்நீர் வற்றுகிறது; நுரையீரலும் வளர இடமின்றி ஒடுங்குகிறது. அக்குழந்தைகளுட் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

இவ்வறிவு ஆய்வுகூடத்தோடு நின்றுவிடுவதன்று. உயர் குருதி அமுக்கத்திற்கு உலகெங்கும் வழங்கும் மருந்துகளுள் இரு வகுப்பினவற்றை இங்கு எடுத்துக்கொள்வோம். எனலாபிரில் போன்றவை ஆஞ்சியோடென்சின் உண்டாவதைத் தடுக்கின்றன. லொசார்டன் போன்றவை அதன் வாங்கியை அடைத்துவிடுகின்றன. வளர்ந்தோர்க்கு இவை பெருநன்மை செய்வன. நோயுற்ற சிறுநீரகத்தையும் காப்பன. ஆனால், கருவுற்ற தாய் உண்ணின், இவை கருவையும் அடைந்து, பரம்பரைப் பழுது செய்யும் அதே தீங்கைச் செய்யவல்லன. முதல் வகுப்பு மருந்துகள்பற்றி 1992ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசின் மருந்து நிருவாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. தாய்க்கு மருந்தானது சேய்க்கு நஞ்சாவதன் காரணம் இதுவே: வாங்கி ஒன்று, பருவத்துக்குப் பருவம் அதன் பணி வேறு.

ஆகவே, இம்மருந்துகளை உண்ணும் பெண்கள் கருத்தரிக்க எண்ணும்போதே மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். கருவுற்றது தெரியவரின், அன்றே கூறுதல் வேண்டும். தாமாகவே மருந்தை நிறுத்திவிடுதலும் தவறு; கட்டுக்கடங்காத குருதி அமுக்கம் தாய்க்கும் சேய்க்கும் கேடு தரும். மெதில்டோபா, லபெடலோல் போன்ற மாற்று மருந்துகள் உள. தக்கதை மருத்துவரே தெரிந்து தருவார்.

பிறந்தபின்னரும் சிறுநீரகம் பருமனில் வளர்கிறது. கபச்சுரப்பி சுரக்கும் வளர்ச்சி ஓமோனும் அதன் வாங்கியும் அவ்வளர்ச்சிக்குத் துணைபுரிகின்றன. ஒரு சிறுநீரகத்தை அகற்றினால் மற்றது பருத்து, அதன் வேலையிற் பெரும்பகுதியைத் தானே தாங்கிக்கொள்ளும். ஆயினும், அங்கே பருப்பவை பழைய சிறுநீரகத்திகளே, புதியன பிறப்பதில்லை. குறைந்த தொகையுடன் பிறந்தவருக்கு முதுமையில் உயர் குருதி அமுக்கமும் சிறுநீரக நோயும் நேரும் வாய்ப்பு மிகுதி எனவும் ஆய்வாளர் கருதுகின்றனர். கருவுற்ற தாய்க்கு நல்லுணவும், காலந்தவறாத மருத்துவக் கண்காணிப்பும், ஆராய்ந்து கொடுத்த மருந்தும் கிடைக்கச் செய்தல், பிறக்கவிருக்கும் குழந்தையின் முதுமைக்கும் சேர்த்துச் செய்யும் உதவியாகும்.