பின்புறம் பார்த்துப் பெயர் சொல்லணும்!

கைரேகை ஜோசியம் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிளி ஜோசியம், நாடி ஜோசியம்கூடத் தெரியும். பின்புற ரேகையைப் பார்த்து ஜாதகம் சொல்வதைக் கேள்விப்பட்டதுண்டா? நான் நேரிலேயே பார்த்தேன். ஜாதகருக்கு உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை!

விவகாரம் ஆரம்பித்த இடம் காமயகவுண்டன்பட்டி. என் தாய்மாமாவுக்கு அங்கே ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல். கம்பம் பன்னீர் திராட்சை என்று 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதேதான். ஆபீஸ் வாசலில் தள்ளுவண்டிக்காரர் நீட்டினால், 'கொட்டை இருக்கும்ப்பா' என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அதுவும் இதேதான்.

போன தடவை ஊருக்குப் போனபோது மாமா முகத்தில் களை இல்லை. பந்தலின் ஒரு மூலையில் பத்திருபது கொடிகள் மஞ்சள் அடித்து நின்றன. கவாத்து பண்ணியும் துளிர் ஒழுங்காக வரவில்லை.

"சத்துப் பத்தலைன்னு கடையில சொன்னாய்ங்க மாப்ள. மூணு தடவை உரம் வச்சாச்சு. அம்புட்டும் மண்ணுக்குள்ள போயிருச்சு. கொடி மட்டும் அப்படியே கெடக்கு."

நான் பி.காம். உரச் செலவைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்று வேண்டுமானால் சொல்வேன். நல்லவேளை, தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் மண்வெட்டியால் கொத்தி, ஒரு வேரை இழுத்துக் காட்டினார். வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சு, பாசிமணி கோத்த மாதிரி.

"வேர்ல முடிச்சு விழுந்துருச்சுய்யா. இது உரத்துக்கு அடங்காது" என்றார்.

வேர் முடிச்சு நூற்புழு! மாமாவுக்கு அடுத்த கவலை வந்துவிட்டது. அந்த மூலையைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச காலம் வேறு வெள்ளாமை போடலாம். கடலையா, தக்காளியா? அது தெரிய வேண்டுமானால், உள்ளே இருக்கிற புழு எந்த இனம் என்று தெரிய வேண்டும். வேரையும் ஈர மண்ணையும் பாலிதீன் பையில் கட்டிக்கொண்டு நான் பஸ் ஏறினேன். பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கியதில் பேன்ட் நனைந்து, பக்கத்து ஸீட்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தது தனிக் கதை.

ஆய்வுக்கூடத்தில் இருந்த மேடம் ரொம்பப் பொறுமைசாலி. முடிச்சை ஊசியால் கிளறி, மைக்ராஸ்கோப் பக்கம் என்னை அழைத்தார். முத்து மாதிரி வெள்ளையாக, பேரிக்காய் வடிவத்தில் ஏதோ ஒன்று.

"இதுதான் பொம்பளை. குஞ்சா இருக்கிறப்ப வேருக்குள்ள நுழையும். வாயில இருக்கிற ஊசியால குத்தி, சுத்தியிருக்கிற செல்லை வீங்க வைக்கும். அப்புறம் ஆயுசுக்கும் நகராது. உட்கார்ந்த இடத்திலேயே சாப்பாடு, பின்னாடி பசை மாதிரி பையில நூத்துக்கணக்கில முட்டை."

"ஆண்?"

"நூல் மாதிரி இருக்கும். சாப்பிடாது. வேரை விட்டு வெளியே போயிடும்."

கல்யாணமான வாசகர்கள் பெருமூச்சு விட வேண்டாம்.

அடுத்து நடந்ததுதான் ஜோசியம். மேடம் அந்தப் பேரிக்காயின் பின்முனையைப் பொடிக் கத்தியால் சீவினார். உள்ளே இருந்ததைச் சுத்தம் பண்ணிவிட்டு, மேல்தோலை மட்டும் கண்ணாடித் துண்டில் ஏற்றினார். பார்த்தால்... அசல் கட்டைவிரல் ரேகை! ஆசனவாயைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள். பத்திரப் பதிவு ஆபீஸில் மை தடவி உருட்டிய மாதிரி.

1949 வரை உலகத்தில் உள்ள வேர் முடிச்சுப் புழு அத்தனையையும் ஒரே இனமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சிட்வுட் என்ற அமெரிக்கர்தான் இந்த ரேகையை முக்கிய அடையாளமாக வைத்து அவற்றைப் பிரித்தார். மேல் வளைவு உயரமாக, சதுரமாக இருந்தால் இன்காக்னிட்டா. இரண்டு பக்கமும் வரப்பு போட்ட மாதிரி கோடு பிரிந்தால் ஜவானிகா. வளைவு தாழ்ந்து உருண்டிருந்தால் அரினேரியா. வால் பக்கம் புள்ளி புள்ளியாக இருந்தால் ஹாப்லா. இது குளிர் பிரதேசத்து ஆசாமி.

'இதைத் தெரிந்து என்னய்யா ஆகப் போகிறது?' என்கிறீர்களா? இன்காக்னிட்டாவுக்கு நிலக்கடலை ஆகவே ஆகாது. கடலை போட்டால் பட்டினி கிடந்து குறையும். அரினேரியாவில் ஒரு வகைக்கோ கடலை என்றால் கல்யாணச் சாப்பாடு. ரேகையைத் தப்பாகப் படித்தால் மாமா புழுவுக்குப் பந்தி வைத்த மாதிரி ஆகிவிடும்!

குஞ்சுப் புழுவை அளப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு உயிரே வந்தது. டி மான் என்ற டச்சுக்காரர் 19-ஆம் நூற்றாண்டில் போட்டுக் கொடுத்த கணக்கு அது. மொத்த நீளத்தை அகலத்தால் வகுத்தால் 'ஏ'. தொண்டைக் குழாயின் நீளத்தால் வகுத்தால் 'பி'. வாலின் நீளத்தால் வகுத்தால் 'சி'. புழு 0.4 மில்லிமீட்டர், வால் 0.05 என்றால் 'சி' 8. அட, நம்ம ரேஷியோ அனாலிஸிஸ்! பாலன்ஸ் ஷீட்டுக்குப் பதில் புழு, அவ்வளவுதான்.

தேனி மாவட்டத்து வாழைக்கு வேறு கோஷ்டி இருக்கிறது. அதில் ஒன்று செத்ததும் ஸ்பிரிங் மாதிரி சுருண்டுவிடும். அதை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம். வேரைக் குடைந்து வாழையையே சாய்க்கும் இன்னொன்றில், ஆணுக்குத் தலை குமிழ் மாதிரி தூக்கி இருக்கும், பெண்ணுக்குத் தட்டையாக இருக்கும். இந்தக் குடைகிற புழுவை 1893-ல் பிஜித் தீவு வாழையிலிருந்து முதலில் விவரித்தவர் காப் என்ற அமெரிக்கர். ஷாக்கிள்டன் கோஷ்டி அன்டார்டிகா கடலிலிருந்து கொண்டு வந்த புழுக்களையும் இவர்தான் ஆராய்ந்து 1914-ல் எழுதினார்.

கடல் புழு என்றதும் மேடம் குஷியாகிவிட்டார். அதை அடையாளம் பார்ப்பது ஒரு விதத்தில் சுலபமாம். உடம்பில் முள்முடி இருக்கும். தலையின் இரண்டு பக்கமும் வாசனை பிடிக்கிற 'ஆம்ஃபிட்' பெரிதாக, வட்டமாகவோ ஜிலேபி மாதிரி சுருளாகவோ தெரியும். நம்ம வேர்ப் புழுவுக்கு அது வெறும் ஊசித் துளை. கடல் புழுவைப் பார்க்க அன்டார்டிகா வரை போக வேண்டியதில்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலேயே ஆராய்ச்சி செய்கிறார்கள்.

எங்கள் கேஸுக்கு வருவோம். ஐந்து பெண்களை எடுத்துப் பார்த்தார். ஐந்துக்கும் சதுர வளைவு.

"இன்காக்னிட்டாதானே மேடம்? கிளம்பட்டுமா?"

"இருங்க. இதே மாதிரி ரேகையோட ஒரு கள்ளன் இருக்கான்."

என்டரோலோபி என்று பெயர். 1983-ல் சீனாவில் பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் பல ஊர்களில் இன்காக்னிட்டா என்றே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கொய்யாவில் இருப்பதாக 2016-ல் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. இன்காக்னிட்டாவை எதிர்க்கிற தக்காளி ரகங்கள் உண்டு. இவன் அவற்றையும் தின்று தீர்த்துவிடுவான். 'எதிர்ப்பு ரகம்' என்று நம்பி, காசு கொடுத்து நாற்று வாங்கியவர் தலையில் துண்டுதான். ரேகையில் சந்தேகம் வந்தால் டி.என்.ஏ. பார்த்துத்தான் தீர்ப்பு. மாமாவின் புழுவும் அந்த வாசலுக்குப் போனது.

முடிவு வந்ததும் மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, கள்ளன் இல்லை. தைரியமாக் கடலை போடுங்க. வேப்பம் புண்ணாக்கும் வைக்கச் சொன்னாங்க. அந்த மூலையில மண்ணு கொத்துன மம்பட்டியக் கழுவாம அடுத்த மூலைக்குக் கொண்டு போகாதீங்க."

"சரி மாப்ள. பய பேரு என்னன்னு சொன்ன?"

"இன்காக்னிட்டா."

"அப்படின்னா?"

"லத்தீன்ல, 'யாருன்னே தெரியாதது'ன்னு அர்த்தம் மாமா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இதைக் கண்டுபிடிக்கவா இம்புட்டு நாளு?"