மணிக்கூட்டைத் திருப்பினால் பகல் வளருமா?

இலண்டனில் வாழும் என் தமக்கையார் ஞாயிறுதோறும் இரவு எட்டு மணிக்கு எம்முடன் தொலைபேசியிற் பேசுவது வழக்கம். மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறு வந்துவிட்டால் அவ்வழைப்பு ஏழு மணிக்கே வரத் தொடங்கும். ஒக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறன்று மீண்டும் எட்டு மணிக்குத் திரும்பும். சென்ற மார்ச்சில் அழைப்பு வந்தபொழுது எம் அன்னையார் கோயிலினின்றும் அப்பொழுதுதான் வந்து சேர்ந்திருந்தார். "இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிட்டார்கள், அம்மா" என்றார் தமக்கையார். "உங்கட அரசாங்கம் சூரியனுக்கும் சட்டம் போடுதோ, பிள்ளை?" என்று கேட்டார் அன்னையார்.

வேடிக்கையாகக் கேட்கப்பட்ட வினாவேனும், அதனுள் ஆராயத்தக்க பொருள் உண்டு.

பூமியின் அச்சு சாய்ந்திருத்தலால், நடுக்கோட்டுக்குத் தொலைவிலுள்ள நாடுகளிற் பகற்பொழுது பெரிதும் கூடிக் குறைகின்றது. இலண்டனில் யூன் மாதத்திற் பகல் பதினாறரை மணித்தியாலம். டிசெம்பரில் எட்டு மணித்தியாலமும் நிறைவதில்லை. கோடையில், மணிக்கூட்டைத் தள்ளாவிடின், காலை நான்கு மணிக்கு முன்பே கதிரவன் உதித்துவிடுவான். அவ்வொளி உறங்குவோருக்குப் பயன்படாது வீணாகின்றதே என்று வருந்தியவர் வில்லியம் வில்லெற் என்னும் கட்டட ஒப்பந்தகாரர். ஏப்ரல் மாதத்து நான்கு ஞாயிறுகளில் ஒவ்வொரு முறையும் இருபது நிமிடமாக, மொத்தம் எண்பது நிமிடம் மணிக்கூட்டை முன்னே வைக்கலாம் என்று 1907ஆம் ஆண்டில் அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பாராளுமன்றம் அதனை ஏற்கவில்லை. 1915இல் அவர் காலமானார். மறு ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், போர்க்காலத்து நிலக்கரியைச் சேமிக்கும்பொருட்டு, ஜேர்மனி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே வைத்தது. மூன்று வாரங்களின் பின் பிரித்தானியாவும் அதனைப் பின்பற்றியது. அறிஞர் சொல்லக் கேளாத அரசுகள், போர் சொல்லக் கேட்டன எனலாம்.

இனி, இதனாற் பயன் உண்டோ? நீண்ட மாலைப்பொழுதிற் சிறுவர் விளையாடலாம், முதியோர் உலாவலாம். அது மெய்யே. ஆயின் எரிபொருட் சேமிப்பு என்ற பழைய நியாயம் இன்று தளர்ந்துவிட்டது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் முழுவதும் 2006ஆம் ஆண்டில் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டபொழுது, ஆய்வாளர் வீட்டு மின்பாவனையை ஒப்பிட்டு நோக்கினர். அது குறையவில்லை, நூற்றுக்கு ஒரு வீதமளவிற் கூடியிருந்தது. விளக்கிற் சேமித்ததைக் குளிரூட்டும் பொறிகள் உண்டுவிட்டன. மேலும், ஒரு மணித்தியால உறக்கத்தை இழந்த கிழமையில் அந்நாட்டிற் கொடிய வீதி விபத்துகள் மிகுதல் காணப்பட்டுள்ளது. ஐரோப்பியப் பாராளுமன்றம் இவ்வழக்கத்தை 2021உடன் நிறுத்துமாறு 2019இல் வாக்களித்தது. நாடுகள் தம்முள் இணங்காமையால் அவ்வாண்டு கடந்தும் அது தொடர்ந்தது.

மாற்றுவதை விடுத்து, முன்வைத்த மணியையே ஆண்டு முழுவதும் வைத்தால் என்ன? பிரித்தானியா 1968 முதல் 1971 வரை அதனையும் செய்து பார்த்தது. மாரியில் ஸ்கொத்லாந்தின் வடகோடியிற் பத்து மணியளவிலேதான் பொழுது விடிந்தது. பிள்ளைகள் இருளிற் பள்ளிக்குச் சென்றனர். சோதனை கைவிடப்பட்டது.

அந்த இருளை நாமும் சிறிது அறிவோம். 1996ஆம் ஆண்டில் மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் தளர்ந்தபொழுது, இலங்கை அரசு மே மாதத்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே வைத்தது. ஒக்டோபரில் அதிற் பாதியைத் திருப்பித் தந்தது. மிகுதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை நிலைத்தது. போர் நடந்த அந்நாட்களில், அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத வடபகுதிகளிற் பழைய நேரமே வழங்கியது. ஒரு சிறு தீவில் இரண்டு நேரங்கள்! திருமண ஓலையில் முகூர்த்தம் ஒன்பது மணி என்றிருந்தால், அது பழைய மணியோ புதிய மணியோ என்று ஆளனுப்பிக் கேட்கவேண்டியிருந்தது.

அப்பொழுது நான் மாணவன். தை மாதத்திற் பழைய மணிப்படி ஆறரைக்கு உதிக்கும் கதிரவன், புதிய மணிப்படி ஏழுக்கே உதித்தான். என் தங்கை ஆறரை மணிக்குப் பள்ளிக்குப் புறப்படுவாள். அன்னையார் கையில் ரோச் விளக்குடன் சந்தி வரை உடன் செல்வார். அந்நாட்களிற் பெண்பிள்ளையை இருளில் வீதிக்கு அனுப்புவது எத்தகைய நெஞ்சிடி என்பதை இங்கு விரிக்கவேண்டியதில்லை. வீட்டிலோ, மாலையில் அரை மணித்தியாலம் பிந்தி ஏற்றிய விளக்கைக் காலையில் அரை மணித்தியாலம் கூடுதலாக எரித்தோம். சேமிப்பு எங்கே?

கணக்கும் அன்னையார் பக்கமே நிற்கின்றது. இலண்டனில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் இடையே எட்டு மணித்தியாலத்துக்கும் மேலான வேறுபாடு உண்டு. யாழ்ப்பாணத்தில் அது ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல், கொழும்பில் அதனினும் குறைவு. கோடையில் வீணாகும் பொழுது நமக்கு இல்லை. அன்றியும், நம் மணிக்கூடு 82½ பாகை நெடுங்கோட்டை ஒட்டியது; யாழ்ப்பாணமோ 80 பாகையில் உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடமாக, நம் மணி கதிரவனிலும் பத்து நிமிடம் முன்னரே ஓடுகின்றது. அதற்குமேல் அதனைத் துரத்துவது எதற்கு?

நெடும்பகல் நாட்டார் தமக்கு ஏற்றதைத் தாமே தெரிந்துகொள்க. நமக்கு மின்சாரம் குறையுங்கால், கந்தோர்கள் அரை மணித்தியாலம் முந்தித் திறக்கட்டும். கடைகள் முந்தி அடைக்கட்டும். பிள்ளைகள் மட்டும் வெளிச்சத்தில் வீடு விட்டுப் புறப்படட்டும். மணிக்கூடு ஊருக்குப் பொதுவான ஒரு வாக்குறுதி. அதனை அடிக்கடி மாற்றினால், விடியலைக் கண்டு எழும் ஏழை வீட்டாரே முதலில் இடர்ப்படுவர்.

ஒக்டோபர் வந்ததும் தமக்கையாரின் அழைப்பு மீண்டும் எட்டு மணிக்கு வரும். கோயிலால் வந்து, உண்டு, ஆறியிருந்து பேச அன்னையாருக்கு அதுவே வசதி.